தள்ளுபடியும் நிராகரிப்பும்: அலுவல்முறை மறுப்புச் சொற்களின் வரலாறு – உத்திரமேரூர் முதல் நாமக்கல் வரை

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில ஆட்சிமொழியில் ‘ரிஜெக்ட்’ என்னும் வினை ஒரு விண்ணப்பத்தை ஆராய்ந்து, காரணங்கூறி ஏற்க மறுக்கும் செயலைக் குறிக்கிறது. தமிழ் அலுவல் வழக்கில் இவ்வினை ‘தள்ளுபடி செய்’, ‘நிராகரி’, ‘மறு’ என்னும் மூன்று சொற்களால் வேறுபாடின்றிப் பெயர்க்கப்படுகிறது. இவற்றுள் ‘தள்ளுபடி’ கடன் நீக்கத்தையும் மனு நீக்கத்தையும் ஒருங்கே குறிப்பதால் பொருள் மயக்கம் எழுகிறது. இம்மயக்கத்தின் வேரைத் தேடும் இக்கட்டுரை, பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 1891–92இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் எழுந்த தர்காஸ்து நிலச் சிக்கல், 1951–52இல் நாமக்கல் தொகுதியில் எழுந்த வேட்புமனு வழக்கு ஆகிய மூன்று வரலாற்றுத் தருணங்களை ஒப்பிடுகிறது. மறுப்பவர் யார், மறுக்கப்படுபவர் யார், காரணம் கூறப்பட்டதா, முறையீட்டுக்கு வழியுண்டா என்னும் நான்கு வினாக்களே ஒவ்வொரு மறுப்புச் சொல்லின் பொருளையும் வரையறுக்கின்றன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தள்ளுபடி, நிராகரிப்பு, மறுப்பு, உத்திரமேரூர், குடவோலை, தர்காஸ்து, மிராசு, வேட்புமனு, ஆட்சித்தமிழ்.

முன்னுரை

சொற்பொருள் ஆய்வு அகராதியில் தொடங்குவது வழக்கம். இக்கட்டுரை ஒரு துண்டுச்சீட்டிலிருந்து தொடங்குகிறது. உத்திரமேரூர் வட்டாரத்து ராஜகுளத்தில் வாழும் இக்கட்டுரையாளரின் பாட்டி, தம் நகைக்கடனைத் தள்ளுபடி செய்யுமாறு ஓர் அலுவலகத்தில் மனு அளித்திருந்தார். சில வாரங்களில் ‘தங்கள் மனு தள்ளுபடி செய்யப்பட்டது’ என்னும் ஒற்றை வரியில் விடை வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அவர், கடன் நீங்கிவிட்டது என்றே பொருள் கொண்டார். அக்கம்பக்கத்தாரிடமும் அவ்வாறே மகிழ்ந்து கூறினார். வட்டி சேர்ந்து மறு அறிவிப்பு வந்த பின்னரே, நீங்கியது கடன் அன்று, மனு என்பது விளங்கியது.

இதனை ஒரு முதியவரின் அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. ஒரே கோரிக்கையில், ஒரே சொல், நேர் எதிரான இரு விளைவுகளைக் குறித்தது. படித்தவர் மயங்காமைக்குக் காரணம் அவர் சொல்லைப் புரிந்துகொண்டது அன்று. அலுவலகங்களின் வழக்கத்தை அறிந்திருந்தமையே ஆகும். வழக்கத்தை அறியாதவருக்கு ஆட்சிமொழி தாய்மொழியாக இருந்தும் பயன்படவில்லை எனில், 1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் எய்த விரும்பிய நோக்கம் இன்னும் நிறைவேறவில்லை என்றே கொள்ள வேண்டும். இந்நிலையில், ஆங்கிலத்தின் மறுப்பு வினைகள் எவற்றைக் குறிக்கின்றன, தமிழ்ச் சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன, இவ்விரண்டிற்கும் இடையிலான இடைவெளி எங்ஙனம் உருவாயிற்று என்பன ஆராயத்தக்கன.

1. ஆங்கிலத்தில் மறுப்பு வினைகள்

‘ரிஜெக்ட்’ என்பது ‘திருப்பி எறிதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. எறிவதற்கு முன் ஒரு பொருள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே, விண்ணப்பம் ஒன்று பெறப்பட்டு, நோக்கப்பட்டு, ஏற்கத்தகாதது என முடிவு செய்யப்படுவதை இவ்வினை உணர்த்துகிறது. இதன் செயப்படுபொருள் பெரும்பாலும் தாளே. அதாவது மனு, விண்ணப்பம், வேட்புமனு ஆகியவையே.

‘ரெஃப்யூஸ்’ என்பது கொடுக்கவோ செய்யவோ இசையாமையைக் குறிக்கும். இதில் ஆராய்ச்சி இன்றியமையாதது அன்று; கேட்கப்பட்டவர் இணங்கவில்லை என்பதே முதன்மை. ‘டிஸ்மிஸ்’ என்பது ‘அனுப்பிவிடுதல்’ என்னும் இலத்தீன் மூலத்தது. நீதிமன்றம் வழக்கைத் தன் முன்னின்று அனுப்பிவிடுவதும், முதலாளி பணியாளரை அனுப்பிவிடுவதும் இவ்வொரு வினையால் குறிக்கப்படுகின்றன.

‘டிஸ்அலவ்’ என்பதன் வரலாறு வேறு. காலனிய அரசியலமைப்பில் இது ஒரு கலைச்சொல்லாகவே வழங்கியது. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், தலைமை ஆளுநர் மன்றம் இயற்றும் சட்டங்களை ‘டிஸ்அலவ்’ செய்யும் அதிகாரத்தை இலண்டனிலிருந்த இயக்குநர் அவைக்கு வழங்கியது. 1861ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தில் அவ்வதிகாரம் முடியரசுக்கு உரியதாயிற்று. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. இங்கு மறுக்கப்படுவது வெறும் வேண்டுகோள் அன்று. முறைப்படி இயற்றப்பட்டு, நடைமுறையில் இருக்கும் சட்டமே மேலிருக்கும் அதிகாரத்தால் செல்லாததாக்கப்படுகிறது. எனவே இதனை ‘நிராகரி’ எனப் பெயர்ப்பதைவிட ‘செல்லாதாக்கு’ எனப் பெயர்ப்பதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

இந்நான்கு வினைகளும் ஒன்றற்கொன்று மாற்றாக வாரா என்பதற்கு இந்தியச் சட்டத்திலேயே தெளிவான சான்று உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 7(1)இல், பொதுத் தகவல் அலுவலர் கோரிய தகவலை வழங்க வேண்டும். அன்றேல் சட்டம் குறிப்பிடும் காரணங்களுள் ஒன்றன் அடிப்படையில் கோரிக்கையை ‘ரிஜெக்ட்’ செய்ய வேண்டும் என்கிறது. பிரிவு 7(2)இல், அவர் காலவரையறைக்குள் முடிவெதுவும் கூறாவிடில் கோரிக்கையை ‘ரெஃப்யூஸ்’ செய்ததாகவே கருதப்படுவார் என்கிறது. காரணத்தோடு கூடிய முடிவுக்கு ஒரு சொல். வாய்மூடியிருத்தலுக்கு மற்றொரு சொல். சட்டத்தை வரைந்தோர் சொற்களைத் தேர்ந்தே கையாண்டுள்ளமை இதனால் புலப்படும்.

2. ‘தள்ளுபடி’: கணக்கேட்டுச் சொல்

தமிழில் ‘மறு’ என்பது தொன்மையான வினை. ஒருவர் கேட்டதை மற்றொருவர் தர இசையாமையைக் குறிப்பது. பேசுவோரும் கேட்போரும் முகத்துக்கு முகம் நிற்கும் சூழலுக்கு உரியது. ‘நிராகரி’ என்பது ‘அகற்று, விலக்கு’ எனப் பொருள்படும் வடமொழி வினையடியிலிருந்து வந்து தமிழ் வினையாக நிலைபெற்றது. இவையன்றி, திருக்குறளின் இரவு, இரவச்சம் என்னும் இரு அதிகாரங்களிலும் பயின்றுவரும் ‘கரப்பு’ என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. உள்ளதை மறைத்து, இரப்பவர்க்கு ஈயாதிருத்தல் அதன் பொருள். வெளிப்படையாக ‘இல்லை’ எனக் கூறுவதற்கும் கரத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் மரபு மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது.

‘தள்ளுபடி’ இவ்வரிசையில் அடங்காதது. வரும்படி, சாகுபடி, கட்டுபடி முதலிய சொற்களில் வரும் ‘படி’ என்னும் ஈறு வருவாய், விளைச்சல், விலை ஆகியவற்றைச் சார்ந்த பொருளியல் வழக்கில் மிகுதியாகக் காணப்படுகிறது. இதனை நோக்க, ‘தள்ளுபடி’ என்பதும் கணக்கேட்டிலிருந்து ஒரு பதிவை நீக்குதலைக் குறித்த சொல்லாகவே தோன்றுகிறது. விலையில் ஒரு பகுதியைக் கழித்தால் விலைத் தள்ளுபடி. வரவேண்டிய கடனைக் கழித்தால் கடன் தள்ளுபடி. கோப்பிலிருந்து மனுவைக் கழித்தால் மனு தள்ளுபடி. மூன்றிலும் நிகழும் செயல் ஒன்றே. ஏட்டிலிருந்து ஒரு வரி நீங்குகிறது.

இவ்விளக்கத்தின்படி, மேலே கூறிய பொருள் மயக்கம் தற்செயலானது அன்று. ‘தள்ளுபடி’ அலுவலகத்தின் நோக்குநிலையிலிருந்து பிறந்த சொல். கடன் நீங்கினாலும் மனு நீங்கினாலும் ஏட்டைக் காப்பவருக்குப் பளு குறைகிறது. ஏட்டின் மறுபுறம் நிற்பவருக்கோ முன்னது வாழ்வு, பின்னது இழப்பு. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, அச்சொல் ஊர்தோறும் நற்செய்தியாக ஒலித்தது. அதே சொல்லே நீதிமன்றச் செய்திகளில் நாள்தோறும் தோல்வியைக் குறித்து வருகிறது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளின் வாயிலில் அது அழைப்பு; அலுவலக முத்திரையின் கீழ் அது விலக்கு.

ஒத்த இயல்புடைய வேறொரு வினையையும் இங்குச் சுட்டலாம். ‘ஒதுக்கு’ என்பது ‘ஒதுக்கீடு’ என்னும் வடிவில் உரிமையைத் தனியே எடுத்து வைத்தலையும், ‘ஒதுக்கப்பட்டோர்’ என்னும் வடிவில் சமூக விலக்கையும் குறிக்கிறது. எனினும் இங்கு வடிவ வேறுபாடு பொருளைக் காக்கிறது. ‘தள்ளுபடி’யில் அத்தகைய வடிவ வேறுபாடும் இல்லை, ‘எது’ தள்ளுபடியாயிற்று என்னும் எழுவாய் ஒன்றே பொருளைத் தீர்மானிக்கிறது.

3. உத்திரமேரூர்: முன்னறிவிக்கப்பட்ட மறுப்பு

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களிலுள்ள முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. வெ. வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறும் ஆட்சியும் பற்றிய ஆய்வுத் தொகுப்பில் விரிவாக ஆராய்ந்தார். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழா உரையிலும் இவ்வூர் எடுத்துக்காட்டப்பட்டது. பொதுவாக இக்கல்வெட்டுகள் தேர்தல் முறைக்குச் சான்றாகவே பயன்படுத்தப்படுகின்றன. மறுப்பு முறைக்குச் சான்றாகவும் அவை படிக்கத்தக்கன.

முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரில், ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். இங்ஙனம் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைந்தன. 919ஆம் ஆண்டு ஏற்பாட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921இல் அது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. இறைநிலம் கால்வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, கல்வி, தூய்மை ஆகியன தகுதிகள்.

தகுதிகளைவிடத் தகுதியின்மைகள் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் மிக விரிவாக உள்ளன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர், அவருடைய நெருங்கிய உறவினர், பெரும்பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய்யாவணம் புனைந்தவர், கழுதை ஏற்றப்பட்டவர் என அப்பட்டியல் நீள்கிறது. இவர்தம் பெயர் குடவோலைக்கு எழுதப்பெறக் கூடாது என்பதை, ‘பெறு’ என்னும் வினையின் எதிர்மறை வடிவத்தால் கல்வெட்டு உணர்த்துகிறது. சில குற்றங்களுக்கு இவ்விலக்கு வாழ்நாள் முழுமைக்கும் உரியது.

இம்மறுப்பின் இயல்புகள் மூன்று. முதலாவது, இது தனியொருவரின் விண்ணப்பத்தை நோக்கிய முடிவு அன்று. யாருக்கும் பொதுவாக முன்னரே கல்லில் வெட்டப்பட்ட விதி. இரண்டாவது, ஒவ்வொரு விலக்குக்கும் காரணம் விதியிலேயே அடங்கியுள்ளது. காரணமின்றி விலக்கும் விருப்புரிமை எவருக்கும் வெளிப்படையாக வழங்கப்படவில்லை. மூன்றாவது, மறுப்பவர் சபையே. விதி வகுக்கும்போது அரசனின் ஆணைப்படி அலுவலர் ஒருவர் உடனிருந்தார். 919இல் தத்தனூர் மூவேந்தவேளானும், 921இல் சோமாசிப்பெருமானும் அங்ஙனம் உடனிருந்தனர்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆய்வு நேர்மை ஆகாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். இச்சபை அந்தண நிலவுடைமையாளரின் சபை. கல்வெட்டின் நீண்ட விலக்குப் பட்டியலில் பெண்கள் இல்லை; நிலமற்ற உழுகுடிகள் இல்லை; ஊரின் பிற சமூகத்தார் இல்லை. அவர்கள் விலக்கப்படவில்லை என்பது இதன் பொருள் அன்று. விலக்குவதற்குரியவர் என்று எண்ணப்படும் அளவுக்குக்கூட அவர்கள் கருதப்படவில்லை. கணக்குக் காட்டாதவன் ‘பெறாதவன்’ ஆகிறான். ஏனெனில் அவன் பெறக்கூடியவனாக இருந்தான். மறுக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்பது இக்கல்வெட்டு தரும் கசப்பான பாடம். ஒரு சமூகத்தின் மறுப்புச் சொற்களை ஆராய்வோர், அச்சொற்கள் எவரை நோக்கிக் கூறப்பட்டன என்பதோடு, எவரை நோக்கிக் கூறவேண்டிய தேவையே எழவில்லை என்பதையும் ஆராய வேண்டும்.

4. செங்கல்பட்டு, 1891–92: வினையில்லா மறுப்பு

அங்ஙனம் மறுப்புச் சொல்லே தேவைப்படாத நிலை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் இதே நிலப்பகுதியில் வேறு வடிவில் வெளிப்பட்டது. உத்திரமேரூரை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம் காணியாட்சி வலுவாக வேரூன்றிய பகுதி. ‘மிராசு’ என்னும் அரபுச் சொல்லால் ஆங்கிலேயர் குறித்த இவ்வுரிமை குறித்து, எல்லிஸ் 1818இல் வெளிவந்த தம் மறுமொழிகளில் விரிவாக எழுதினார். தரிசு நிலம் வேண்டுவோர் அரசுக்கு அளிக்கும் விண்ணப்பம் ‘தர்காஸ்து’ எனப்பட்டது. ‘வேண்டுகோள்’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல் இது.

1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஒரு குறிப்பை அளித்தார். அவர்கள் தரிசு நிலம் பெறுவதற்கு மிராசுதாரர்க்கு வழங்கப்பட்டிருந்த முன்னுரிமை பெருந்தடையாக உள்ளதை அவர் எடுத்துக்காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறையின் 1010, 1010-ஏ எண்ணுள்ள அரசாணைகள் பிறந்தன. பின்னாளில் ‘பஞ்சமி நிலம்’ என அழைக்கப்பட்ட நில ஒதுக்கீட்டின் தொடக்கம் இவ்வாணைகளிலேயே உள்ளது.

மறுப்பின் சொற்பொருள் நோக்கில் இந்நிகழ்வு இன்றியமையாதது. விதிகள் எவ்விடத்தும் ‘இன்னாருக்கு நிலம் மறுக்கப்படும்’ எனக் கூறவில்லை. மிராசுதாரர்க்கு முன்னுரிமை உண்டு என்று மட்டுமே கூறின. உழைப்பவர் ஒருவர் தர்காஸ்து அளித்தால், அதே நிலத்தை மிராசுதாரர் தமக்கு வேண்டும் என்பார். முன்னுரிமை அவருக்குச் சென்றது. அலுவலர் ‘நிராகரித்தேன்’ என எழுதவேண்டிய தேவையே குறைந்தது. ஒருவருக்கு வழங்கப்பட்ட உரிமை என்னும் நேர்மறைச் சொல்லின் நிழலில் மற்றவர்க்கான மறுப்பு மறைந்து நின்றது. உத்திரமேரூர்ச் சபை தான் விலக்கியவரைப் பெயர் சுட்டாவிடினும் வகை சுட்டியது. இங்கோ வகையும் சுட்டப்படவில்லை. குறளின் ‘கரப்பு’ என்னும் சொல்லே இந்நிலைக்குப் பொருந்துவது.

மறுப்பு வெளிப்படையாகச் சொல்லப்படாதபோது அதனை எதிர்த்து முறையிடுவதும் அரிது. தம் விண்ணப்பம் தீயதென்று எவரும் கூறவில்லையாதலின், நல்லதென்று நிறுவவும் வழியில்லை. ட்ரெமென்ஹீரின் குறிப்பு செய்த பணி, மறைந்திருந்த மறுப்புக்கு ஒரு பெயர் அளித்ததே ஆகும்.

5. நாமக்கல், 1951–52: ‘ரிஜெக்ட்’ என்னும் சொல்லின் சட்டப் பொருள்

விடுதலை இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில், சேலம் மாவட்ட நாமக்கல் தொகுதியில் சென்னைச் சட்டமன்றத்துக்கு வேட்புமனு அளித்தோருள் ஒருவர் என்.பி. பொன்னுசாமி. 1951 நவம்பர் 28 அன்று நடந்த ஆய்வில் தேர்தல் அலுவலர் அவரது மனுவை நிராகரித்தார். அரசியலமைப்பின் 226ஆம் கூற்றின்கீழ் அவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். அம்மனு தள்ளுபடியாயிற்று. உச்ச நீதிமன்றமும் 1952 சனவரி 21 அன்று அவரது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நீதிபதி பசல் அலி எழுதிய அத்தீர்ப்பு, ‘தேர்தல்’ என்னும் சொல் அறிவிப்பு முதல் முடிவு வரையிலான முழு நடைமுறையையும் குறிக்கும் என்றும், 329(ஆ) கூற்றின்படி இடையில் நீதிமன்றம் தலையிட இயலாது என்றும், தேர்தல் முடிந்த பின்னர்த் தேர்தல் மனு வழியாகவே நிவாரணம் தேட இயலும் என்றும் வரையறுத்தது. இன்றளவும் மேற்கோளாட்சி பெறும் தீர்ப்பு இது.

மேற்கண்ட பத்தியில் இக்கட்டுரை வேட்புமனுவுக்கு ‘நிராகரித்தார்’ என்றும், நீதிமன்ற மனுவுக்குத் ‘தள்ளுபடி’ என்றும் வேறுபடுத்தி எழுதியமை கருதியே செய்யப்பட்டது. முன்னது ‘ரிஜெக்ட்’, பின்னது ‘டிஸ்மிஸ்’. இதழியல் தமிழில் இரண்டும் ‘தள்ளுபடி’ என்றே வருமாயின், யார் எதனைச் செய்தார் என்பது வாசகர்க்குக் குழம்பும்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இவ்வினையைச் சுற்றிப் பல வேலிகளை அமைத்துள்ளது. பிரிவு 36(4)இன்படி, முதன்மையற்ற குறைபாடு ஒன்றன்பொருட்டு எந்த வேட்புமனுவையும் நிராகரிக்கலாகாது. பிரிவு 36(5)இன்படி, எதிர்ப்பு எழுந்தால் அதனை மறுத்துரைக்க வேட்பாளருக்குக் கால அவகாசம் அளிக்கலாம். பிரிவு 36(6)இன்படி, நிராகரிக்கும் அலுவலர் காரணங்களைச் சுருக்கமாக எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இவற்றினும் நுண்ணியது பிரிவு 100. ஒரு வேட்புமனு முறையற்று நிராகரிக்கப்பட்டது என நிறுவப்பட்டால், அதுவே தேர்தலைச் செல்லாததாக்கப் போதுமானது. முறையற்று ஏற்கப்பட்டது என்றாலோ, வெற்றி பெற்றவரைப் பொறுத்தமட்டில் அது தேர்தல் முடிவைக் கணிசமாகப் பாதித்தது என்பதையும் நிறுவ வேண்டும். தவறான ஏற்பினும் தவறான மறுப்பே பெருங்கேடு என்பது சட்டத்தின் மதிப்பீடு. மறுக்கப்பட்டவர்க்கு மக்கள் எத்தனை வாக்கு அளித்திருப்பர் என்பதை எவராலும் அளவிட இயலாது என்பதே இதன் அடிப்படையாகக் கொள்ளத்தக்கது.

உத்திரமேரூருடன் ஒப்பிடுகையில் ஓர் ஒற்றுமை வியப்பளிக்கிறது. தேர்தல் செலவுக் கணக்கை உரிய முறையில் அளிக்கத் தவறியவரை மூன்றாண்டுகளுக்குத் தகுதியற்றவராக்கப் பிரிவு 10ஏ வழிசெய்கிறது. கணக்குக் காட்டாதவரை விலக்கும் நெறி 921இலும் உண்டு, இன்றும் உண்டு. வேற்றுமையும் கருதத்தக்கது: சோழர் காலத்தில் அவ்விலக்கு உறவினரையும் பற்றியது, இன்று தவறியவரை மட்டுமே பற்றுகிறது. மற்றொரு வேற்றுமை முறையீடு. தன் பெயர் ஏன் ஓலையில் எழுதப்படவில்லை எனக் கேட்பவர்க்கு முறையீட்டு வழி எதனையும் உத்திரமேரூர் ஏற்பாடு வகுத்ததாகக் காணப்படவில்லை. நாமக்கல் வழக்கில் வழி காலந்தாழ்ந்தது. எனினும் வழி இருந்தது.

6. காரணம் என்னும் எல்லை

மேற்கூறிய மூன்று தருணங்களையும் நான்கு வினாக்களால் ஒப்பிடலாம். உத்திரமேரூரில் மறுப்பவர் சபையார். காரணம் முன்னரே கல்லில் உள்ளது. முறையீட்டு வழி புலப்படவில்லை. செங்கல்பட்டில் மறுப்பவர் யாரெனத் தெளிவில்லை. காரணம் பிறரது முன்னுரிமையில் மறைந்துள்ளது. முறையீட்டுக்குப் பற்றுக்கோடு இல்லை. நாமக்கல்லில் மறுப்பவர் குறிப்பிட்ட அலுவலர். காரணம் எழுத்தில் உள்ளது. முறையீடு தேர்தலுக்குப் பின் உண்டு.

இவற்றுள் ‘ரிஜெக்ட்’ என்னும் வினையின் முழுப்பொருளுக்கு நெருங்கியது மூன்றாவதே. காரணமே இவ்வினையின் எல்லைக்கல். மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம், ஓர் அதிகாரியின் ஆணை அதில் கூறப்பட்டுள்ள காரணங்களைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும், பின்னர் வேறு காரணங்களைச் சேர்த்து அதனைத் தாங்கிப் பிடிக்க இயலாது என வலியுறுத்தியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 7(8), நிராகரிக்கும் அலுவலர் காரணத்தையும், மேல்முறையீட்டுக்கான காலத்தையும், மேல்முறையீட்டு அலுவலரின் விவரத்தையும் உடன் தெரிவிக்க வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. அஃதாவது, இச்சட்டத்தில் நிராகரிப்பு என்பது ஒற்றை வரிச் செய்தி அன்று. முறையீட்டின் வாயிலையும் காட்டுவது.

இந்நோக்கில் முன்னுரையில் கூறிய துண்டுச்சீட்டை மீண்டும் காண்போம். அதில் சொல் மயக்கம் மட்டும் இல்லை. மறுத்தவர் யார் என்பதும், எக்காரணத்தால் என்பதும், யாரிடம் முறையிடலாம் என்பதும் இல்லை. ‘தள்ளுபடி’ என்னும் கணக்கேட்டுச் சொல் இம்மூன்றையும் கேட்பதில்லை. ஏட்டிலிருந்து வரி நீங்கியதென்றால் போதும். ‘நிராகரிக்கிறேன்’ எனத் தன்மை வினையில் எழுதினால், எழுவாய் தேவைப்படுகிறது. எழுவாய் வந்தால் ‘ஏன்’ என்னும் வினாவும் உடன் வருகிறது. இலக்கணம் இங்கு நிருவாகப் பொறுப்பைத் தூண்டும் கருவியாகிறது.

7. சொல்லாட்சி குறித்த முன்மொழிவு

இவ்வாய்வின் அடிப்படையில் பின்வரும் வேறுபடுத்தலை முன்வைக்கலாம். விண்ணப்பத்தை ஆராய்ந்து காரணத்தோடு ஏற்காமை ‘நிராகரித்தல்’. கேட்டதைத் தர இசையாமை ‘மறுத்தல்’. நீதிமன்றம் வழக்கை முடித்தல் ‘தள்ளுபடி’; இது நெடுவழக்காக நிலைபெற்றுவிட்டமையின் மாற்றத் தேவையில்லை. இயற்றப்பட்ட சட்டத்தை மேலதிகாரம் நீக்குதல் ‘செல்லாதாக்குதல்’. விடையளிக்காமையால் விளையும் மறுப்பு ‘கருதப்படும் மறுப்பு’.

வழக்கிலுள்ள சொல்லை ஆணையால் திருத்த இயலாது என்னும் தடை இங்கு எழக்கூடும். அது ஏற்கத்தக்கதே. மக்கள் பேச்சில் ‘தள்ளுபடி’ இரு பொருளிலும் தொடரும். ஆயினும் இங்கு முன்மொழியப்படுவது பேச்சுவழக்கின் திருத்தம் அன்று. அலுவலகம் குடிமகனுக்கு எழுதும் மடலின் திருத்தம். குறைந்த அளவில், கடன் தள்ளுபடி கோரும் மனுக்களுக்கான விடையிலேனும் அச்சொல்லை மனுவின் முடிவுக்குப் பயன்படுத்தாமை எளிதில் இயல்வது. ‘நிராகரி’ வடசொல் என்பதால் தவிர்க்க வேண்டும் என்போர் ‘ஏற்கப்படவில்லை’ என எழுதலாம். அதுவும் ஐயத்துக்கு இடந்தராதது.

முடிவுரை

இவ்வாய்வில் எய்திய முடிவுகள் வருமாறு:

1. ஆங்கில மறுப்பு வினைகள் ஆராய்வு, காரணம், அதிகார நிலை ஆகியவற்றால் வேறுபடுகின்றன. தமிழ் அலுவல் வழக்கு அவ்வேறுபாடுகளைப் பெரும்பாலும் ‘தள்ளுபடி’ என்னும் ஒரே சொல்லில் கரைத்துவிடுகிறது.

2. ‘தள்ளுபடி’யின் இரு எதிர்ப்பொருள்களும் கணக்கேட்டிலிருந்து நீக்குதல் என்னும் ஒரே செயலினின்று கிளைத்தவை எனக் கொள்ள இடமுண்டு. அச்சொல் ஏட்டை நோக்கியது. மனுதாரரை நோக்கியது அன்று.

3. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காரணத்தோடு முன்னறிவிக்கப்பட்ட மறுப்புக்குச் சான்று. அதே வேளையில், மறுக்கப்படவும் கருதப்படாதோர் இருந்தமைக்கும் அவற்றின் மௌனமே சான்று.

4. 1891–92ஆம் ஆண்டுச் செங்கல்பட்டு நிகழ்வு, மறுப்புச் சொல் இன்றியே மறுப்பு நிகழக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

5. நாமக்கல் வழக்கும் அதன் சட்டச் சூழலும், எழுத்திலான காரணமும் முறையீட்டு வழியும் உள்ள மறுப்பே ‘நிராகரிப்பு’ என்னும் பெயருக்கு உரியது என்பதை உணர்த்துகின்றன.

வட்ட அளவிலான அலுவலகங்களின் பழைய மனுப் பதிவேடுகளில் இச்சொற்கள் வழங்கிய முறையைக் கால வரிசையில் தொகுப்பது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணி. பராந்தகன் காலத்துச் சபை, யார் யார் பெறாதவர் என்பதை வருவோர் போவோர் காணுமாறு சுவரில் வெட்டி வைத்தது. அதே வட்டாரத்தில் இன்று மனு அளிக்கும் ஒருவர், தாம் பெற்றாரா பெறவில்லையா என்பதையேனும் ஐயமின்றி அறிந்துகொள்ளும் மொழியில் விடை பெறுதல் வேண்டும்.